மைக் முன்னால் கேட்ட பெண்

மைக் செட் கட்டிப் பிழைக்கும் நயினாரும் ஊராட்சித் தலைவர் தங்கப்பழத்தின் மகள் பேச்சிக்கனியும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். அவன் பெண் கேட்டுப் போனபோது தலைவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"வெத்தலைத் தட்டோட எவனும் வருவாம்லே. ஊரே பத்து வருசம் பேசுத மாதிரி கேளு, பாப்போம். முடியலைன்னா அடுத்த மாசம் அவளுக்கு வேற மாப்பிள்ளை."

அந்த வாரமே தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழா வந்தது. கையில் மைக் வந்துவிட்டால் தலைவர் யார் எதைக் கேட்டாலும் "செஞ்சுருவோம்" என்பார். ஒருவர் ரோடு கேட்டார், செஞ்சுருவோம். ஒருத்தி பஸ் கேட்டாள், அதற்கும் செஞ்சுருவோம். ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து நயினார் எழுந்தான்.

"தலைவரே, பேச்சிக்கனியை எனக்குக் கட்டித் தரணும்."

"செஞ்சுருவோம்" என்று குழாய் ஸ்பீக்கர் நாலு தெருவுக்கும் சொல்லிவிட்டது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

தலைவர் மைக்கைப் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தார். "மைக்ல சொன்னதையெல்லாம் செய்யுத ஆளாலே நானு?"

"இல்லைதான். அதை மட்டும் மைக்ல சொல்லிருங்க தலைவரே, நான் செட்டைக் கழட்டிட்டுப் போயிருதேன்."

தேர்தலுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. தலைவர் கூட்டத்தைப் பார்த்தார், பொத்திய கையை எடுத்தார்.

"தை மாசம் கல்யாணம். எல்லாரும் வந்துரணும்."

விழா தொடங்கியதிலிருந்து நின்றுகொண்டே இருந்த பேச்சிக்கனி, பெண்கள் பக்கம் அப்போதுதான் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.