ஊதாத சங்கு

வண்டி ஏறியதிலிருந்தே கோனேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடத்தில் பூசை வேளைக்குச் சங்கு ஊதுகிறவர் அவர். மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது, தாயும் பிள்ளையும் பிழைத்தால் மலை உச்சியில் நின்று சங்கு ஊதுவதாக வேண்டிக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். பேரன் இப்போது தவழ்கிறான்.

வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்று அடைத்து வைத்திருந்த காட்டுவழியை அன்றுதான் திறந்திருந்தார்கள். கோனேரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட வந்தவர் அவருடைய குரு, செங்கமலத் தாயார். வயதில் மகள் மாதிரி. ஆனால் அவர் முன்னால் கோனேரிதான் குழந்தை.

சோதனைச் சாவடியில் வனக்காவலர் பையைத் திறந்து பார்த்தார்.

"ஐயா, சங்கு பைக்குள்ளயே இருக்கட்டும். குட்டியெல்லாம் இன்னும் சின்னது. மேலே சத்தம் போடக்கூடாது."

கோனேரி பூம்பூம் மாடு போலத் தலையாட்டினார். ஊதியே தீருவது என்று உள்ளுக்குள் முடிவாகியிருந்தது.

பாதி ஏற்றத்தில் மெல்லக் கேட்டார். "தாயே, சாமிக்கு ஊதறதும் சத்தக் கணக்குலதான் சேருமா?"

"மேலே போய்ப் பார்ப்போம். பாதையை விட்டு இறங்காதீங்க, புல்லு மிதிபடுது."

உச்சி வந்தது. பனி விலகி, மலை மலையாக விரிந்து கிடந்தது. கோனேரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"வந்துட்டோம் தாயே! வந்து சேர்ந்துட்டோம்!"

சங்கை எடுத்து உதட்டில் வைத்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அந்த அவசரத்தில் காலடிக் கல் ஒன்று பெயர்ந்து உருண்டது.

கீழே பாறையில் மேய்ந்துகொண்டிருந்த வரையாடுகள் வெடுக்கென்று தலை தூக்கின. மறுகணம் ஒவ்வொன்றாகப் பாறைப் பிளவைத் தாண்டிக் குதித்தன. ஒரு குட்டிக்கு மட்டும் தாண்டத் தெரியவில்லை. விளிம்பில் நின்று நடுங்கியது. அந்தப் பக்கம் போய்விட்ட தாய் திரும்பித் தாவி வந்து அதை ஒட்டி நின்றது. அடுத்த சத்தம் எங்கிருந்து வரும் என்று காதை விடைத்துக்கொண்டு நின்றது.

கோனேரி குருவைப் பார்த்தார். தாயார் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோனேரி இழுத்த மூச்சைச் சத்தமில்லாமல் விட்டார். சங்கைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தார். இருவரும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் கழித்துத் தாயாடு புல்லில் வாய் வைத்தது. குட்டி மடியை முட்டி முட்டிப் பால் குடித்தது. வால் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! கோனேரிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. கூடவே பயமும் வந்தது.

"சாமிக்குச் சொன்ன சொல்லைக் காப்பாத்தாம இறங்கறேனே தாயே. பேரனுக்கு ஏதாவது ஆயிடுமோ?"

"என்னன்னு வேண்டிக்கிட்டீங்க?"

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்கணும்னு."

தாயார் பாறை விளிம்பைக் காட்டினார்.

"நல்லாத்தானே இருக்காங்க."