பிரிக்காத கேசட்

மதுரையில் பழைய வீடியோ கேம் சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, தலைவர் சௌந்தரபாண்டியன். கூட்டம் அவர் வீட்டில்தான் நடக்கும். அவருடைய கேசட்டுகள் எல்லாம் மேலே சுற்றிய கண்ணாடித்தாள் பிரிக்காமல் அலமாரியில் நிற்கும். அதுதான் சேகரிப்பு, மற்றதெல்லாம் குப்பை என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையல் கடை வைத்திருக்கும் பிலோமினா சங்கத்தில் சேர வந்தாள். விளையாடுவதற்காகவே பழைய கேசட் வாங்குகிறவள். ஆடித் தோற்ற கதைகளை அவள் சொல்லச் சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன் அலமாரியைப் பார்த்து ஒருவர்கூட இப்படி முகம் மலர்ந்ததில்லையே என்று தலைவருக்கு வயிறு எரிந்தது.

“என்கிட்ட இல்லாத கேசட் ஒண்ணு கொண்டு வாம்மா, சேர்த்துக்கறேன்” என்றார். அவரிடம் இல்லாத கேசட் ஊரிலேயே கிடையாது.

அவள் பையிலிருந்து கீறல் விழுந்த கேசட் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஆட்டுக்குட்டி பள்ளம் தாண்டி ஓடும் ஆட்டம்.

“இதா? என்கிட்ட புத்தம் புதுசாவே இருக்கு.” பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“இது அட்டைப்பெட்டிண்ணே. உள்ள இருக்கறது கேசட்டா, ஓட்டுச்சில்லான்னு யாருக்குத் தெரியும்? பிரிச்சுக் காட்டுங்க, நான் போயிடறேன்.”

பிரித்தால் பெட்டியின் பெருமையே போய்விடும். அவர் நகம் தாளின் ஓரம்வரை போய்த் திரும்பியது.

“சரி, சேர்ந்துக்கோ.”

அவள் பையிலிருந்து கேம் பெட்டியையும் எடுத்து டிவியில் இணைத்து, கேசட்டை ஊதி மாட்டினாள். எல்லோரும் டிவியைச் சூழ்ந்துகொண்டார்கள். தள்ளி நின்று பொருமிக்கொண்டிருந்தவரின் கையில் அவளே ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தாள். அவருடைய ஆட்டுக்குட்டி முதல் பள்ளத்திலேயே விழுந்தது.

“பரவாயில்லண்ணே” என்று நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். “புதுசா வர்றவங்க எல்லாரும் அங்கதான் விழுவாங்க.”