தோசைக்கல் வட்டம்

மரகதம்மாளிடம் வேதாந்தப் பாடம் கேட்க வருகிறவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் நாச்சிமுத்து ஒருவர்தான். தாராபுரத்தில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எந்தக் கேள்விக்கும் விடை உடனே வந்தாக வேண்டும் அவருக்கு.

ஒரு புதன்கிழமை பாடத்துக்கு அவர் வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று அம்மாளே வீடு தேடிப் போனார். ஆள் நன்றாகத்தான் இருந்தார். சமையலறையில் தேக்கு மேசையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். மீசையெல்லாம் மரத்தூள்.

பழைய வார்னிஷ் போய் மேசை தேன் நிறத்துக்கு வந்திருந்தது. நடுவில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் மசியவில்லை.

அதன் கதையை அவரே சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன் மகள் சுகந்தி முதல்முதலாக ஒரு தோசை சுட்டாள். அப்பா சூடாகச் சாப்பிட வேண்டுமென்று கல்லோடு தூக்கிவந்து மேசையில் வைத்துவிட்டாள். மரம் கருகிய வாசம் வந்ததும் இவர் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தோசையை இவர் தொடவேயில்லை. கல்யாணமாகிப் போனபின் அவள் எப்போது வந்தாலும், வழியிலேயே சாப்பிட்டாயிற்று என்றுதான் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வந்து பத்து நாள் தங்கப்போகிறாள்.

"இந்தக் கறை அவ கண்ணுல படக்கூடாதுங்கம்மா. எப்படிப் போக்கறது?"

அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னொரு தாளை எடுத்து மேசையின் ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். மதியம்வரை இரண்டு பேரும் வேலை செய்தார்கள். ஓரம் கண்ணாடிபோல் வழவழப்பானது. நாச்சிமுத்து வட்டத்தை விட்டு நகரவில்லை.

அம்மாள் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவர் கொண்டுவந்த சொம்பை வாங்கி அந்த வட்டத்தின் மேலேயே வைத்தார். அங்கே மரம் பள்ளமாகிவிட்டிருந்தது. சொம்பு சாய்ந்து, தண்ணீர் தளும்பி அவர் வேட்டியில் வழிந்தது.

"இன்னும் எவ்வளவு தேய்ப்பீங்க சார்?"

"கறை போற வரைக்குங்கம்மா."

"அதுக்குள்ள மேசை போயிருமே."

நாச்சிமுத்து சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாளைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அந்தத் தோசையைச் சாப்பிட்டிருக்கலாமுங்க," என்றார். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் இருவருமாக வார்னிஷ் பூசினார்கள். பூசப்பூச மரத்தின் ரேகையெல்லாம் எழுந்து வந்தது. வட்டமும் கூடவே முன்னைவிட எடுப்பாக எழுந்து வந்தது. நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாளும் சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அவருக்குத் திரும்பவும் கவலை பிடித்துக்கொண்டது.

"அவ வந்து அதைப் பார்த்தா நான் என்னங்கம்மா சொல்றது?"

அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். அவளுக்கு ஒரு தோசை சுடுங்க. ஆறிப்போறதுக்குள்ள கல்லோட கொண்டுவந்து அங்கயே வைங்க."