கருங்காலிச் சீவல்

ஜமீன்தார் வீரப்பருக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. புதிதாக வந்த துரை முதல்முறையாக விருந்துக்கு வருகிறார். அவர் மேஜையில் மிளகு பொடிக்க ஒரு மரக்குடுவை வேண்டும். கடைசல்காரன் இருளப்பனை, கயிறு இழுத்துச் சுழற்றும் கடைசல் எந்திரத்தோடு வாசலுக்கு வரவழைத்தார்.

"துரை வர்றதுக்குள்ள முடிடா! இது விலை உசந்த கருங்காலி. ஒரு சீவல் தரையில விழுந்தாலும், எவன் மடிக்குள்ள போனாலும் உன் எந்திரம் எனக்கு."

"உத்தரவு சாமி. என் கை ரெண்டும் உளியில, என் பொஞ்சாதி கை ரெண்டும் கயித்துல. சீவலை யார் பிடிக்கிறது? உங்க ஆளுகளை நம்பலாமா?"

ஜமீன்தார் ஆட்களை முறைத்துப் பார்த்தார். ஒருவனையும் நம்ப மனம் வரவில்லை. தாமே அங்கவஸ்திரத்தை விரித்துக் குனிந்தார். மரம் சுழன்றது. சீவல் பறந்து மீசையெல்லாம் ஒட்டியது. அவர் இங்கும் அங்கும் துள்ளித் துள்ளி ஏந்தினார்.

குதிரை வண்டி வந்து நின்றதை அவர் கவனிக்கவே இல்லை. இறங்கிய துரை, துணி ஏந்தி நின்றவரைக் கண்டு மனமிரங்கி, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"பாவம், முதலில் இவருக்குச் சோறு போடுங்கள். ஜமீன்தார் எங்கே?"

இருளப்பன் உளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சீவல் பாக்கி இருக்கு துரை. அது முடிஞ்சதும் வந்துருவார்."