சவரிமுத்து சுத்தம் செய்த டேப்

"இன்னும் என்ன மேடம் குறை?" என்று கேட்டார் சவரிமுத்து.

பழைய பாட்டு டேப்புகளைச் சுத்தம் செய்யும் வேலையை அவர் நிலோஃபரிடம் கற்றுக்கொள்கிறார். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சிஷ்யருக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் செட் போட்ட மனுஷன். ஸ்பீக்கரில் 'ங்ங்' என்று கேட்டால் போதும், சாப்பாட்டு இலையை விட்டு எழுந்து ஒயரைத் தேடி ஓடுவார்.

"குறைன்னு நான் சொல்லலையே அண்ணே."

"நல்லாருக்குன்னும் சொல்லலையே!"

நிலோஃபர் சிரித்தார். "பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி டேப்ல என்ன இருந்துச்சு?"

"வெறும் இரைச்சல். அதைத்தான் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டினேன். இந்த மாதிரி எங்க கேட்டாலும் எடுத்துடுன்னு. துளி மிச்சமில்ல. ஐயா குரல் மட்டும் தனியா நிக்குது பாருங்க!"

பொய்யில்லை. செத்துப்போய்ப் பதினோரு வருஷமான பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோலத்தான் இருந்தது.

நிலோஃபர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

வெளியே பாடகரின் மனைவி கோமளவல்லி காத்திருந்தார். கணவர் குரல் என்று வீட்டில் மிஞ்சியது இந்த ஒரு டேப்தான். பூஞ்சை பிடித்து அதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் கொண்டுவந்து கொடுத்தவர்.

"அண்ணன் செஞ்சது. கேளுங்கம்மா."

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். குரல் வந்ததும் கண் நிறைந்துவிட்டது.

"அவரேதான்... அவரேதான்."

சவரிமுத்துவுக்கு ஏக குஷி.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் இரண்டு விரல்கள் மடியில் மாறி மாறி அசைந்தன. பிறகு நின்றன. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக் கேட்டார். முகம் வாடிப்போனது.

"தம்பி, அன்னைக்கு நான் வரலையா?"

"எங்கம்மா?"

"ரெக்கார்டிங்குக்கு. எப்பவும் நான்தான் அவர் பின்னால உக்காந்து தம்புரா போடுவேன். அன்னைக்கும் போட்டேன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருக்கேன். வயசாச்சில்ல, எதையோ போட்டுக் குழப்பிக்கிறேன் போல."

சவரிமுத்து நிலோஃபரைப் பார்த்தார். அவர் அலமாரியிலிருந்து அசல் டேப்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து அந்த அம்மா எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வந்தீங்கம்மா. பாட்டுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தீங்க. நான்தான் உங்களை இரைச்சல்னு நினைச்சுட்டேன்."