செல்லியம்மனிடம் அஞ்சுகத்தம்மையார் கேட்ட கேள்வி

“ஜெயில் கம்பியைத் தொட்டுட்டு வந்த கை அம்மன் விளக்கைத் தொடக் கூடாது. நான் இருக்கிற வரைக்கும் நடக்காது!” என்று தர்மகர்த்தா வீட்டுக் கோமளவல்லி கத்தினார்.

“குளிச்சுட்டுத்தான்க்கா வந்தேன்.”

“கொலைகாரிக்குச் சோப்பு வாங்கிக் குடுக்கிறவளுக்கு எந்தத் தண்ணிடி பத்தும்?”

செல்லியம்மன் கோயில் மண்டபத்தில் தெருவே கூடியிருந்தது. அஞ்சுகத்தம்மையார் பாதி துலக்கிய குத்துவிளக்கை மடியில் வைத்தபடி, புளியும் சாம்பலும் ஒட்டிய கையோடு உட்கார்ந்திருந்தார். அம்மனுக்கு விளக்குத் துலக்குவதுதான் அவர் பிழைப்பு, பூசையும் அதுதான். ஒவ்வொன்றையும் துடைத்து முடித்ததும், “பாரு தாயே” என்று கருவறைப் பக்கம் காட்டிவிட்டுத்தான் கீழே வைப்பார். இவ்வளவு பக்தி இருந்தால் பின்னால் ஏதாவது இருக்கும் என்பது எங்கள் தெருவின் கருத்து.

திங்கட்கிழமை தோறும் அவர் துணிப்பையோடு பஸ் ஏறிப் பெண்கள் சிறைக்குப் போய், மனுப் போட்டுத் தவமணியைப் பார்த்து வருவார். தவமணி, கோமளவல்லிக்கு அடுத்த வீடு. கணவன் பரசுராமன் குடித்துவிட்டு வந்து அடிப்பான். அடி விழத் தொடங்கினால் தெருவில் டிவி சத்தம் கூடும். அது எங்கள் நாகரிகம். ஒரு சாயங்காலம் அவன் கழுத்தை நெரித்தபோது கைக்கு அகப்பட்ட குழவிக்கல்லால் அவள் அடித்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. போலீஸ் வந்து விசாரித்தது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் காது இருந்ததாகத் தெரியவில்லை.

அம்மையார் குடியிருந்ததோ குளத்துக்கு அப்பால். தவமணிக்கு உறவுமில்லை. பிறகு எதற்குப் போகிறார்? வீட்டை எழுதி வாங்கத்தான் என்றார்கள். நகை கைமாறியிருக்கும் என்றார்கள். தவமணியின் மகள் இளமதியைத் தம்மோடு வைத்துச் சோறு போட்டாரே, அப்போது சந்தேகம் உறுதியாகிவிட்டது.

நானும் ஒருநாள் கூடவே ஒட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தெருவில் ஒருவருக்காவது உண்மை தெரிய வேண்டாமா? பையில் சோப்பு, பிஸ்கட், ஓர் உள்பாவாடை. கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று, அத்தனை கூச்சலிலும் அம்மையார் கத்தினார்: “உம் மவளுக்குப் பேன் பாத்தேன். தலை சுத்தமா இருக்குடி!” அந்தப் பக்கம் தவமணி சிரித்தாள், அழுதாள். நகைப் பேச்சு வரவே இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இலவச வக்கீல் ஒரே ஓர் ஆள் கேட்டிருந்தார். அவள் அடிபட்டதைக் காதால் கேட்டேன் என்று கோர்ட்டில் சொல்ல ஒருவர் வேண்டும்; இல்லாவிட்டால் ஆயுள்தான். அம்மையார் வீடுவீடாகப் படியேறினார். கதவுகள் சாத்திக்கொண்டன.

“நீயே சொல்லிடேன் அஞ்சுகம்” என்றார் ஒருவர்.

“கேக்காததைக் கேட்டேன்னு சொன்னா, நாளைக்கு அம்மன் முகத்துல எப்படி முழிப்பேன்?”

இப்படி எல்லோரையும் தொந்தரவு செய்த கோபம்தான் அன்று மண்டபத்தில் தீட்டுச் சண்டையாக வெடித்தது.

“பூக்கட்டிப் பாத்துடுவோம்” என்றார் கோமளவல்லி. “வெள்ளை வந்தா இவ விளக்கைத் தொடட்டும். சிவப்பு வந்தா நடையைக் கட்டட்டும்.”

பூசாரி இலைத்துண்டு ஒன்றில் நந்தியாவட்டையும் இன்னொன்றில் செவ்வரளியும் வைத்தார். மடித்துக் குலுக்கிப் போட்டு அம்மன் முன்னால் ஒன்றை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அம்மையார் எழுந்து நின்றார்.

“எனக்காக எதுக்குக்கா அம்மனைக் கேக்கணும்? விளக்கை இப்பவே விட்டுடறேன். வேற ஒண்ணு கேளுங்க. தவமணி அலறினது இந்தத் தெருவுக்குக் கேட்டுதுன்னா வெள்ளை வரட்டும். கேக்கலைன்னா சிவப்பு.”

பூசாரியின் கை நின்றுவிட்டது. வெள்ளை வந்தால் எல்லோரும் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். சிவப்பு வந்தால் அம்மனே பொய் சொன்னாள் என்றாகும். அது பொய் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அப்போது அம்மனின் வலத்தோளிலிருந்து ஒரு பூ உதிர்ந்தது. மின்விசிறிக் காற்று என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அன்று கரண்ட் இல்லை. நான் உடனே நிமிர்ந்து விசிறியைப் பார்த்தேன்.

கோமளவல்லி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“கட்டாதீங்க பூசாரி. நடுவுல ஒரு சுவருதானே? எனக்குக் கேட்டுது. ‘அக்கா, அக்கா’ன்னு என்னைத்தான் கூப்பிட்டா.”

அதையே அவர் கோர்ட்டிலும் போய்ச் சொன்னார். தர்மகர்த்தா வீடே சொன்ன பிறகு எதிர்வீட்டுக்காரருக்கும் காது திரும்பிவிட்டது. உயிரைக் காத்துக்கொள்ள அடித்த அடி என்று தவமணி விடுதலையானாள்.

தாயும் மகளும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இளமதி வளர்ந்து அங்கேயே ஒரு டெய்லரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நான் விசாரித்த வரையில், மாப்பிள்ளை சத்தம் போடாத பிள்ளை. பார்க்க ஆளில்லாத பெண்கள் உள்ளே இன்னும் இருக்கிறார்கள் என்று அம்மையாரும் சிறைக்குப் பின்னாலுள்ள சந்துக்குக் குடிபோய்விட்டார். எங்கள் தெருவுக்கு வாய்த்தும், எங்களுக்கு வைத்துக்கொள்ளத் தெரியாமல் போன அந்த அடியார் நீடு வாழ்க.