மகுடபதியின் நாக்கு

படித்த நாக்கு என்று ஒன்று உண்டாம். புதுச்சேரி ஓட்டலில் பணக்காரர்களுக்கு ஒயின் ருசிக்கச் சொல்லிக்கொடுக்க வந்த மகுடபதிக்கு அது இருந்ததாம். திறந்த புட்டியிலிருந்து ஊற்றியதை ஒரு வாய் உறிஞ்சியவர், பரிமாறிய பாக்கியநாதனைப் பார்த்துக் கத்தினார்.

"திருட்டுப் பயலே! குடிச்சிட்டுத் தண்ணி கலந்திருக்க. இல்லேன்னா நிரூபி. முடியலேன்னா வேலையை விட்டுப் போ!"

குடிக்காததை எப்படி நிரூபிப்பது? மேனேஜர் வாசலைக் காட்டினார்.

"புதுப் புட்டி திறக்கலாங்க ஐயா. ரெண்டு கிளாஸ் வெக்கிறேன். தண்ணி எதுலன்னு உங்க நாக்கே சொல்லட்டும்," என்றான் பாக்கியநாதன்.

மகுடபதி பெருமையாக முதுகைத் திருப்பி நின்றார். பாக்கியநாதன் முன்வரிசை அம்மாள் ஒருவரின் காதில் ஏதோ சொல்லி, அவரையே ஊற்ற வைத்தான்.

மகுடபதி முகர்ந்தார், வாயில் உருட்டினார், துப்பினார். ஒரு கிளாஸைத் தள்ளிவிட்டார். "இதுதான். பச்சைத் தண்ணி!"

"ஐயையோ! ரெண்டையும் புதுப் புட்டியிலேருந்துதான் சார் ஊத்தினேன்," என்றார் அந்த அம்மாள்.

கூடம் சிரித்தது. மகுடபதியும் சேர்ந்து சிரித்தார். "பாத்தீங்களா? அவசரப்பட்டு ருசிக்கக் கூடாது. இதுதான் இன்னிக்கு முதல் பாடம்!"

எல்லோரும் அவருக்குக் கைதட்டினார்கள். பாக்கியநாதனுக்கு வேலை தப்பியது. திருடன் என்று ஊருக்கே கேட்கக் கத்திய வாய், மன்னிப்பை முணுமுணுக்கக்கூட இல்லை.